ஈரத்தரை காயும் நேரம்

இரும்பு மூக்கு வைத்த கனத்த ஷூ இரண்டையும் கழற்றி, நாடாக்களை முடிச்சுப் போட்டு விரலில் மாட்டிக்கொண்டு, அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே தரை ஈரம். அக்கா அப்போதுதான் துடைத்து முடித்து, வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு இடுப்பை நிமிர்த்தினாள்.

"உள்ள வாங்க சார், பரவாயில்ல."

"காயட்டும்."

"எல்லாரும் மிதிச்சுக்கிட்டுத்தான் போவாங்க. மறுபடி ஒரு இழுப்பு இழுத்தா போச்சு."

"அதான் சொல்றேன். மறுபடி எதுக்கு இழுக்கணும்?"

அவ்வளவுதான் பேச்சு. தரை காயும்வரை அவர் காலுறையோடு நின்றார். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வேலையைப் பார்த்தார்.

அக்கா அந்தத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் மனிதர்களின் முகத்தைவிட ஷூ அடித்தடத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். எந்தத் தடம் யாருடையது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். துடைத்த தரைக்காக நின்ற ஒருவரை மட்டும் அதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய்ப் பிரார்த்தனையில் உட்கார்ந்தபோது வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், "ஆண்டவனே, இன்னைக்கு ஒருத்தர் நின்னாரு" என்று மட்டும் சொன்னாள். அவனுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, வீட்டில் வேறு யாருமில்லை. கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் கடல் கடந்த ஊரில் குடும்பம் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிடுவாள். பாதி நேரம் குரல் அறுந்து அறுந்து வரும்.

அவர் வேலை பார்த்தது அளவு ரூமில். அந்த அறை அக்காவின் பங்குக்கு வந்தது அப்போதுதான். பம்ப்புக்கான அலுமினியக் கூடுகளை ஆலையில் கடைந்து அங்கே கொண்டுவருவார்கள். நடுவில் இருக்கும் துளையை அளந்து, சரியாக இருந்தால் பச்சைத் தட்டு, தவறாக இருந்தால் சிவப்புத் தட்டு. சிவப்பில் விழுந்தது மறுபடி உருக்கத்தான் போகும். அந்த அறையில் எந்நேரமும் ஏசி ஓடும். சுவரில் ஒரு வெப்பமானி இருக்கும், அது எப்போதும் இருபது டிகிரி காட்ட வேண்டும். அலுமினியத்துக்கு உடம்பு ரொம்பக் கூச்சம், துளி சூடு பட்டாலும் விரிந்துவிடும் என்று அவர்தான் அக்காவுக்குச் சொன்னார்.

ஆலையில் அவருக்கு வைத்த பெயர் மைக்ரான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

"மைக்ரான்னா என்ன சார்? உங்கள புகழுறாங்களா, திட்டுறாங்களா?"

"ரெண்டும்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா ஒரு பங்கு. உங்க தலைமுடி ஒண்ணு எழுபது மைக்ரான் கனம் இருக்கும்."

"என் தலையில மொத்தமே எழுபது முடிதான் பாக்கி. முடிக்கு ஒரு மைக்ரான்தான் வரும் போலிருக்கே."

அவர் சிரித்தார். சிரித்துப் பழக்கமில்லாதவர்கள் செய்வது போல, சத்தம் வெளியே வருவதற்குள் நிறுத்திக்கொண்டார். பிறகு, "சார்னு கூப்பிடாதீங்கக்கா. நான் உங்களைவிட ஏழெட்டு வயசு சின்னவன்" என்றார். அன்றிலிருந்து ஆள் இருந்தால் சார், ஆள் இல்லாவிட்டால் தம்பி.

பத்தொன்பது வயதில் கடைசல் இயந்திரத்துக்கு எடுபிடியாக வந்தவர் அவர். அப்பா இறந்த வருடம் அது. கீழே இரண்டு தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படித்து முடிக்கட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார். அவர்கள் படித்து முடித்து, இன்ஜினியர் ஆகி, ஆளுக்கொரு ஊரில் வீடும் வாசலுமாக உட்கார்ந்தபோது, இவருக்கு ஒரு பெண் பார்க்க வேண்டும் என்று சொல்ல யாருமில்லை. அம்மாவும் போய்விட்டார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

நாற்பத்தெட்டு வயதில்தான் அவருக்குப் படிப்பு வந்து வாய்த்தது. புதிதாக ஒரு உத்தரவு. அளவு ரூமுக்குப் பொறுப்பாக இருப்பவர் தர மேலாண்மையில் டிப்ளோமா வைத்திருக்க வேண்டும். ஒரு வருடம் தவணை. அதற்குள் முடிக்காவிட்டால் அந்த நாற்காலிக்குப் படித்த இளைஞன் ஒருவன் வருவான், இவர் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்ப் பெட்டிகளில் சீட்டு ஒட்ட வேண்டியதுதான். இருபத்தொன்பது வருடம் கை பழகிய வேலை அது. துளைக்குள் விரலை விட்டே இரண்டு மைக்ரான் கூட, மூன்று குறைய என்று சொல்லக்கூடியவர். ஆனால் விரலுக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லையே.

வாரத்தில் நான்கு மாலை வகுப்பு. பாடத்தின் பெயர் 'தர மேலாண்மையும் செயல்முறை மேம்பாடும்.' அக்கா அதைச் சொல்லிப் பார்த்தாள். பாதி வழியில் நாக்கு தடுக்கியது.

"சுருக்கமா என்ன தம்பி அது?"

"தப்பு ஏன் வருதுன்னு கண்டுபிடிக்கிறது. அது மறுபடி வராம வழி பண்றது."

"அட, அதுக்கு ஒரு படிப்பா! மாமியாருங்க எல்லாம் பொறக்கும்போதே அதைப் படிச்சுட்டு வந்துடுறாங்களே."

"அவங்க யாரு தப்பு பண்ணதுன்னு கண்டுபிடிப்பாங்கக்கா. இதுல அதைக் கேக்கக் கூடாது. ஆளைத் தேடினா அடுத்த ஆளு அதே தப்பைப் பண்ணுவான். ஏன்னு கேட்டாத்தான் அது நிக்கும். முதல் பக்கத்துலயே போட்டிருக்கு."

முதல் நாள் வகுப்புக்குள் அவர் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்களாம், வாத்தியார் என்று நினைத்து. உண்மையான வாத்தியாருக்கு முப்பது வயது. அதற்கப்புறம் யாரும் எழவும் இல்லை, பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை. "பக்கத்து நாற்காலி காலியாவா இருக்கு?" என்று அக்கா கேட்டாள். "இல்லையே, பை உக்காந்திருக்கு" என்றார். "யாரு பை?" "என் பைதான்."

இந்தப் பேச்செல்லாம் காலையில் தரை காயும் அந்த இருபது நிமிடத்தில் நடக்கும். உள்ளே மேசையை ஒட்டிக் கொஞ்சம் உலர்ந்த இடம் இருக்கும், அங்கே அக்கா நின்று அலமாரியைத் துடைப்பாள். வெளியே அவர் கையில் ஷூவோடு நிற்பார். நடுவில் ஈரத்தரை ஆறு போலக் கிடக்கும். அவர் அந்தக் கரையிலிருந்து பாடத்தை ஒப்பிப்பார், இவள் இந்தக் கரையிலிருந்து கேட்பாள். மற்றவர்கள் ஏழரைக்கு மேல்தான் வருவார்கள்.

ஒரு நாள் 'ஐந்து ஏன்' என்று ஒரு பாடம். ஒரு தப்பைப் பிடித்துக்கொண்டு ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டால் அதன் வேர் கைக்கு வருமாம். அக்காவை வைத்தே பழகிப் பார்த்தார்.

"இன்னைக்கு ஏன்க்கா லேட்டு?"

"பஸ் லேட்டு."

"பஸ் ஏன் லேட்டு?"

"டிரைவர் இறங்கி டீ குடிச்சிட்டு வந்தாரு."

"ஏன் அந்த நேரத்துல டீ?"

"வீட்டுல போட்டுக் குடுக்கலையாம்."

"ஏன் போட்டுக் குடுக்கல?"

"சண்டையாம். கண்டக்டர் சொல்லிச் சிரிச்சாரு."

"ஏன் சண்டை?"

"நல்லா இருக்கே! புருஷன் பொண்டாட்டி சண்டையில நான் எதுக்கு மூக்கை நுழைக்கிறேன்? அது ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

"பரீட்சையில அப்படி எழுதினா மார்க் கிடையாதுக்கா."

"ஆண்டவன் பேருக்கு மார்க் போடாத படிப்பா? நல்ல படிப்பு படிக்கிறீங்க போங்க." கோபித்துக்கொண்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியைத் துடைத்தாள். திரும்பிய முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

இன்னொரு நாள் மீன்முள் படம் வரைந்து கொண்டுவந்து தூக்கிக் காட்டினார். தலையில் தப்பின் பெயர், முள் ஒவ்வொன்றிலும் ஒரு காரணம். "சதையே இல்லாத மீனு. பாவம், உங்க வகுப்புல எல்லாரும் பசியோட இருப்பாங்க போல" என்றாள் அக்கா.

ஒன்றை மட்டும் அவள் கவனித்து வந்தாள். நிற்கும்போது அவர் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பாவம், வேலை மலை போலக் கிடக்கும், நம்முடைய தரைக்காக மனிதர் கால் கடுக்க நிற்கிறாரே என்று இவளுக்கு உறுத்தியது. வாயைத் திறந்து கேட்கவில்லை. மேசைக்குப் பின்னால் பழைய ஜன்னல் ஒன்று நீலத் திரை போட்டு மூடிக் கிடந்தது. ஒரு நாள் திரையை விலக்கி இரண்டு கதவையும் திறந்துவிட்டாள். கிழக்குப் பார்த்த ஜன்னல். வெயிலும் காற்றுமாக உள்ளே வந்ததில் தரை பத்தே நிமிடத்தில் காய்ந்துவிட்டது. பிறகு மூடிவிட்டாள். ஏசி சற்று நேரத்தில் அறையைப் பழையபடி குளிரவைத்துவிடும். மறுநாளும் அப்படியே செய்தாள், அதற்கடுத்த நாளும். அவர் சீக்கிரமாக உள்ளே வர முடிந்தது. பேச்சும் பாதியாகக் குறைந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

மழைக்காலத்தில் ஒருமுறை அவர் மூன்று நாள் வரவில்லை. காய்ச்சல் என்று கேட்வாசலில் சொன்னார்கள். பார்க்கப் போனவர் யாருமில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். அக்கா வேலை முடிந்ததும் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு விலாசம் விசாரித்துப் போனாள். மாடியில் ஒற்றை அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. அவளுக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். டம்ளரையும் அவளுக்கே கொடுத்துவிட்டதால் அவருக்குப் பால் குடிக்கப் பாத்திரம் இல்லை. கடைசியில் பல் துலக்கும் குவளையைக் கழுவி எடுத்துக்கொண்டார்.

சுவரில் கட்டம் போட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு, நடுவில் பென்சில் புள்ளிகள்.

"இது எந்த மெஷினோட கணக்கு தம்பி?"

"மெஷின் இல்லக்கா. வகுப்புல பழக்கத்துக்கு ஏதாவது ஒண்ணைத் தினம் குறிக்கச் சொன்னாங்க. வேற ஒண்ணும் தோணல. ஒரு நாளைக்கு எத்தனை பேர்கிட்ட பேசுறேன்னு குறிச்சேன். வேலை விஷயம் சேக்கல."

அக்கா எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். வேலை நாள் புள்ளியெல்லாம் ஒன்று என்ற கோட்டிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் பூஜ்யத்தில், தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. காய்ச்சல் வந்த மூன்று நாளும் தரையில்தான். அந்த ஒன்று யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"கட்டுப்பாட்டுல இருக்குக்கா," என்றார் அவர், குவளையைப் பார்த்துக்கொண்டே. "ஏற்ற இறக்கம் கிடையாது. வாத்தியார் பார்த்தா நல்ல புராசஸ்னு சொல்லுவாரு."

அவள் படி இறங்கும்போது கடைசிப் படி கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கு இல்லாததால் அல்ல.

வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது இரண்டு பெட்டிச் சரக்கு திரும்பி வந்தது. கூடுகளை வாங்கும் கம்பெனி அனுப்பியிருந்தது. துளை சிறியதாக இருக்கிறது, பம்ப்பின் அச்சுத்தண்டு உள்ளே போகவில்லை என்று கடிதம். அதே நேரத்தில் இங்கே சிவப்புத் தட்டு வேறு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, துளை பெரியது, பெரியது என்று. நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டிய அறையே தடுமாறுகிறது. மேனேஜர் அளவு ரூம் வாசலில் நின்று கத்தியது கழிப்பறை துடைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கும் கேட்டது.

"முடியைப் பிளந்து அளக்குறவரு இருக்காரு, அப்படியிருந்தும் பெட்டி திரும்பி வருது! எனக்குக் காரணம் கதையெல்லாம் வேணாம். வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனி அம்மா நேர்ல வராங்க. அவங்க முன்னாடி ஒரு பேரு சொல்லணும். யாரோ ஒருத்தனை வெளிய அனுப்பினாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை வரும்."

அவர் மெதுவாக ஏதோ சொன்னார்.

"டிப்ளோமா புராஜெக்டா? சரி, இதையே எடுத்துக்கோ. கண்டுபிடிச்சா உனக்கு சர்டிபிகேட். கண்டுபிடிக்கலன்னா அந்தப் பேரு உன் பேரு."

அன்றிலிருந்து அவர் பழைய பதிவேடுகளைக் கிளறினார். எந்தக் கூடு எத்தனை மணிக்கு அளக்கப்பட்டது என்று புள்ளி வைத்துக்கொண்டே போனார். தப்பான புள்ளி அத்தனையும் காலை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மொய்த்துக் கிடந்தது. பத்து மணிக்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஆனால் எட்டு மணிக்கும் வெப்பமானி இருபது டிகிரிதான் காட்டியிருந்தது, அவரே தன் கையால் எழுதியிருந்தார். "பேய் பிடிச்ச மாதிரி இருக்குக்கா. காலையில மட்டும் வந்துட்டுப் போற பேய்" என்றார்.

"பேயெல்லாம் இல்ல. நான் வேண்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வழக்கம் போலத் திரையை விலக்கி ஜன்னலைத் திறந்தாள்.

அவர் வாசலில் நின்றபடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின மாலையே குளிரட்டும் என்று வரிசையாக வைத்த அலுமினியக் கூடுகள் ஜன்னலை ஒட்டிய மேசையில் இருந்தன. அவற்றின் மேல் வெயில் தகதகவென்று விழுந்துகொண்டிருந்தது. மாதக்கணக்காக அவர் தினமும் பார்த்த காட்சிதான் அது. அன்றைக்குத்தான் பார்த்தார்.

ஷூவைக் கீழே வைத்தார். காலுறையோடு ஈரத்தில் நடந்து வந்து ஒரு கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஷூவை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

அந்த மனிதர் ஈரத்தரையை மிதித்து அவள் பார்த்ததே இல்லை. அடுத்த இரண்டு நாள் அவர் ஆறு மணிக்கே வந்து அறைக்குள் உட்கார்ந்துகொண்டார். "இன்னைக்கு இந்த ரூம் துடைக்க வேணாம்க்கா" என்று மட்டும் சொன்னார். நாம் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம், ஆண்டவன் பேருக்கு மார்க் இல்லையா என்று கேலி செய்ததா, அறைக்குப் போய் அந்தத் தாளைப் பார்த்ததா என்று அவள் தனக்குள்ளேயே புழுங்கினாள். கேட்கத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை அவர் சாப்பிடப் போன நேரத்தில் குப்பைக் கூடையைக் காலி செய்ய உள்ளே போனாள். மேசை மேல் நாளைக்குக் காட்ட வேண்டிய தாள் இருந்தது. அக்கா ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

'நல்ல உருப்படி ஏன் தள்ளப்பட்டது, தப்பான உருப்படி ஏன் தேறியது? அளக்கும்போது உருப்படி சூடாக இருந்து துளை பெரிதாகத் தெரிந்தது. அறை குளிர்ந்த பிறகும் உருப்படிக்குள் சூடு தங்கியிருந்தது.

ஏன் சூடு? காலை வெயில் பட்டது.

ஏன் வெயில் பட்டது? ஜன்னல் திறந்திருந்தது.

ஏன் திறந்திருந்தது? ஈரத்தரை சீக்கிரம் காய வேண்டும்.

ஏன் சீக்கிரம் காய வேண்டும்? வாசலில் அளவுப் பொறுப்பாளர் காத்து நின்றார்.'

அதோடு முடிந்திருந்தது. திறந்தவர் பெயர் எங்கும் இல்லை. கீழே காரணம் என்ற கட்டத்தில் அவர் தன்னுடைய பெயரை எழுதியிருந்தார். அந்தப் பெயரை அவள் அன்றுதான் முதன்முதலாகப் படித்தாள்.

இரண்டு பெட்டி திரும்பி வந்ததும், சிவப்புத் தட்டு வழிந்ததும் தன் கையால்தான். அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றால் அது இவர் பெயராம். நாற்காலி போய்விடும், படிப்பும் போய்விடும்.

அவர் திரும்பி வந்தபோது அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் திறந்தேன்னு எழுதுங்க தம்பி."

"ஆளைத் தேடக் கூடாதுக்கா. முதல் பக்கம்."

"அப்ப உங்க பேரு மட்டும் எதுக்கு? நீங்க ஆளு இல்லையா?"

அவர் மேசை மேல் கிடந்த பேனாவை எடுத்து மூடினார்.

"சரி, இன்னொரு ஏன் பாக்கி இருக்கு," என்றாள். "நீங்க ஏன் தினம் ஏழு மணிக்கே வந்து நின்னீங்க? உங்க வேலை ஏழரைக்குத்தானே?"

அவர் தாளை வாங்கி மேசையில் நேராக வைத்தார். விளிம்பை விளிம்போடு சேர்த்து, ஒரு மைக்ரான் கூடப் பிசகாமல். "அஞ்சு ஏன் போதும்னு பாடத்துல இருக்குக்கா" என்றார்.

வெள்ளிக்கிழமை கூட்ட அறைக்கு டீ கோப்பைகளை எடுத்துப் போகும் வேலை அக்காவுக்கு வந்தது. மேனேஜர், வாங்கும் கம்பெனியின் இன்ஜினியர் அம்மா, இன்னும் நாலு பேர். அவர் படத்தைக் காட்டி நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வரி வந்ததும் மேனேஜர் சிரித்துவிட்டார்.

"என்ன மைக்ரான், உன்னையே நீ ரிஜெக்ட் பண்ணிக்கிறியா?"

"ரெண்டு தடவை அளந்து பார்த்துட்டேன் சார். அளவு தப்புதான்."

நாலு பேரும் சிரித்தார்கள். "அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் மேனேஜர், "ஜன்னல் தானா திறக்குமா? யாரு திறந்தது?"

"அது தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல சார். நாளைக்கு வேற யாரு துடைச்சாலும் திறப்பாங்க."

"யாருன்னு கேட்டேன்."

அக்கா கோப்பைத் தட்டோடு முன்னால் வந்தாள். அதை மேசையில் வைத்தாள். "ஆண்டவனே" என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். பிறகு, "நான்தாங்க" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அந்த இன்ஜினியர் அம்மா திரும்பினார்.

"ஜன்னலைத் திறக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களாம்மா?"

"இல்லம்மா."

"எங்கயாவது எழுதி ஒட்டியிருந்துச்சா?"

"இல்லம்மா. ஒட்டியிருந்தா படிச்சிருப்பேன். அஞ்சாம் வகுப்பு படிச்சிருக்கேன்."

அந்த அம்மா பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே, "ஒரு பேரு சொல்றதுக்குப் பதிலா ஒரு காரணத்தை இவ்வளவு சுத்தமா காட்டின இடத்தை நான் அதிகம் பார்த்ததில்ல," என்றார். "சரி, இதுக்கு என்ன மாத்தம் பண்ணப் போறீங்க?"

அவர் அடுத்த தாளைப் புரட்டினார். ஜன்னலை நிரந்தரமாக அடைப்பது. அறையின் சூட்டோடு உருப்படியின் சூட்டையும் அளப்பது. மூன்றாவதைச் சொல்வதற்கு முன் தண்ணீர் எடுத்துக் குடித்தார். "அளவு ரூமைத் துடைக்கிற வேலையைக் காலையிலிருந்து சாயந்திரத்துக்கு மாத்துறது. ஆலை விட்ட பிறகு. தரை தானா காயும். யாரும் காத்திருக்க வேண்டியதில்ல."

சொன்னபோது அவர் படத்தைத்தான் பார்த்தார். அக்கா கோப்பைகளை ஒவ்வொன்றாக எல்லார் முன்னாலும் வைத்தாள். அவர் முன்னால் கடைசியாக வைத்தாள்.

யாருக்கும் வேலை போகவில்லை. அவருக்கு டிப்ளோமா கிடைத்தது, வகுப்பிலேயே அதிக மார்க்காம். அந்த வாரத்திலிருந்து அக்காவின் நேரம் மாலை ஐந்து மணி. அவர் நாலரைக்குப் போய்விடுவார். அவருடைய பஸ் இந்தப் பக்கம் போகும்போது அவளுடைய பஸ் அந்தப் பக்கம் வரும்.

மாலையில் அளவு ரூம் பெட்டி போல இருந்தது. ஏசி மட்டும் முனகும். ஜன்னலில் பலகை அடித்து, 'அருள்கூர்ந்து திறக்காதீர்கள், வெயில் உருப்படியைச் சூடாக்கும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்து. பெரிய எழுத்து, எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு ஏற்ற மாதிரி. அக்கா தினமும் அதை முழுதாக வாசித்துவிட்டுத்தான் துடைக்கத் தொடங்குவாள். துடைத்து முடித்ததும் அந்த உலர்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பாள். தரை ஆற அமரக் காயும். வாசலில் யாரும் இல்லை. சிவப்புத் தட்டு காலியாகவே இருந்தது. நல்லதுதான், எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்திருக்கிறது என்று ஆண்டவனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, அந்தச் சுவர்த் தாளில் இப்போதெல்லாம் புள்ளி எங்கே விழுகிறதோ என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்து, கம்பெனி வேறொரு ஊரில் திறக்கும் புது ஆலைக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே அளவு ரூமை முதலிலிருந்து அவர்தான் அமைக்க வேண்டும். கடைசி நாள் பகலில் கேக் வெட்டிச் சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசு கொடுத்தார்களாம்.

அன்று மாலை அக்கா துடைத்து முடித்து இடுப்பை நிமிர்த்தியபோது அவர் வாசலில் நின்றார். ஒரு கக்கத்தில் கடிகாரப் பெட்டி. விரலில் நாடா முடிச்சோடு ஷூ.

"உள்ள வாங்க தம்பி. இன்னைக்கு ஒரு நாளாவது மிதிச்சுக்கிட்டு வாங்க."

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ரயில் எத்தனை மணிக்கு?"

"ஏழுக்கு."

"அப்ப நேரம் ஆகுதே." அவள் பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். கை பலகையைத் தொட்டதும்தான் நினைவு வந்தது. வெட்கத்தோடு திரும்பிப் பார்த்தாள். அவர் மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. வருடக்கணக்காக அது இருந்த இடத்தில் வெளுத்த ஒரு பட்டை மட்டும் தெரிந்தது.

"விடுங்கக்கா," என்றார் அவர். "அது தானா காயட்டும். எனக்கு எப்பவும் அவசரம் இருந்ததில்ல."